சமையல் கத்தி வாங்குவதும் தீட்டுவதும், இடது கைக்காரர்களுக்கும் சேர்த்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கத்திக்குப் பஞ்சம் கிடையாது. பாத்திரக் கடையிலும் இரும்புக் கடையிலும் சந்தைத் தரைக்கடையிலும் கிடைக்கிறது. வாங்கிய புதிதில் எல்லாக் கத்தியும் வெட்டும். மூன்றாம் மாதம் தக்காளித் தோலில் வழுக்க ஆரம்பிக்கும்போதுதான் கேள்விகள் வருகின்றன. அப்படி வருகிற கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கத்தி வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இதை யார், எதை வைத்துத் தீட்டப் போகிறார்கள் என்று பாருங்கள். விலையும் பிராண்டும் அதற்குப் பிறகுதான். வீட்டில் சாணைக்கல் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தால் கடினமான எஃகில் செய்த கத்தி வாங்கலாம். கூர் நெடுநாள் நிற்கும். தெருவில் வரும் சாணைக்காரரைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் நடுத்தரக் கடினம் போதும். எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். மலிவான எவர்சில்வர் கத்திகள் 52-54, ஜெர்மன் பாணிக் கத்திகள் 55-58, ஜப்பானியக் கத்திகள் பெரும்பாலும் 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். எண் ஏற ஏற கூர் நிற்கும். ஆனால் எலும்பிலோ உறைந்த கறியிலோ பட்டால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். நம் சமையலுக்கு 56-58 வசதி. தீட்டவும் எளிது, கீழே விழுந்தாலும் பெரிய சேதம் வராது.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு. கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து முதுகு நேர்கோடாக இருக்கிறதா பாருங்கள். கைப்பிடிக்குள் இரும்பு கடைசி வரை ஓடுகிறதா, ஆணிகள் விரலில் இடறுகின்றனவா என்று தடவிப் பாருங்கள். விளிம்புக்கு 5 மி.மீ. மேலே இரும்பு தடியாக இருந்தால் அந்தக் கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் கேரட்டை வெட்டாது, பிளக்கும். கைப்பிடிக்கு அருகே தடித்த இரும்புப் பட்டை விளிம்பு வரை இறங்கி வரும் மாதிரிகளைத் தவிர்ப்பது நல்லது. அந்தப் பட்டை கல்லில் இடித்துக்கொண்டு அடிப்பகுதியைத் தீட்ட விடாது. சில வருடத்தில் அங்கே ஒரு பள்ளம் விழுந்து, வெங்காயம் முழுதாக அறுபடாமல் தொங்கும்.

எத்தனை கத்தி தேவை? என்ன நீளம்?

இரண்டு. 18 முதல் 20 செ.மீ. அலகுள்ள ஒன்று, 9-10 செ.மீ. அலகுள்ள ஒன்று. பலகை சிறியதாக இருந்தால் பெரியது 15 செ.மீ. இருக்கலாம். ஆறு கத்தி, ஒரு கட்டை என்று செட்டாக வாங்கினால் அதில் நாலு கத்தி கட்டையிலேயே இருக்கும்.

'சேலம் ஸ்டீல்' என்று சொல்லி விற்கிறார்கள். கத்திக்கு அது நல்லதுதானே?

சேலம் இரும்பாலை 1981-ல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர்ப் பெயர் எவர்சில்வருக்கு ஒரு முத்திரை மாதிரி ஆகிவிட்டது. பாத்திரத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஆனால் பாத்திர எவர்சில்வரும் கத்தி எவர்சில்வரும் ஒன்றல்ல. பாத்திரத்துக்குப் பயன்படும் 304 ரகத்தில் கார்பன் மிகக் குறைவு; குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். துருவுக்கு அது அசையாது. ஆனால் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. அதில் செய்த கத்தி ஒரு வாரத்தில் மழுங்கும், எத்தனை முறை தீட்டினாலும் அதே கதைதான். கத்திக்கு 420 போன்ற, சூடேற்றிக் கடினமாக்கக்கூடிய ரகம் வேண்டும். கார்பன் அரை சதவீதமும் குரோமியம் 13-15 சதவீதமும் இருந்தால் நல்ல வீட்டுக் கத்தி.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சின்னக் காந்தம் ஒன்றை அலகில் வையுங்கள். ஒட்டவே இல்லை என்றால் அது பாத்திர எவர்சில்வர்; வைத்துவிட்டு வந்துவிடலாம். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று முடிவு கட்ட முடியாது. கடினமாக்க முடியாத 430 ரகத்திலும் காந்தம் ஒட்டும். அதனால் ரகமோ ராக்வெல் எண்ணோ எழுதியிருக்கும் கத்தியை எடுப்பதே பாதுகாப்பு.

கொல்லர் பட்டறை இரும்புக் கத்தி நல்லதா? ஏற்காட்டில் சீக்கிரம் துருப்பிடிக்கிறதே?

நல்ல கொல்லர் அடித்த கார்பன் எஃகுக் கத்திக்கு வருகிற கூர், அதே விலை எவர்சில்வருக்கு வராது; தீட்டுவதும் சுலபம். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது என்று சொன்னால் யோசிக்காமல் வாங்கலாம். கட்டடக் கம்பியில் அடித்தது வேண்டாம், அதில் கார்பன் போதாது.

ஆனால் அதற்குப் பராமரிப்பு வேண்டும். மாங்காய், எலுமிச்சை, தக்காளி, வாழைப்பூ நறுக்கினால் அலகும் கறுக்கும், நறுக்கியதும் கறுக்கும். அலகு மீது மெல்ல மெல்லப் படியும் அந்தச் சாம்பல் நிறப் படலம் கெடுதல் அல்ல, துருவைத் தடுக்கும். தேய்த்து எடுக்க வேண்டாம். செம்மண் நிறத்தில் பொடியாகக் கையில் ஒட்டுவதுதான் துரு. புளியைக் கரைத்துப் பூசி, பத்து நிமிடம் கழித்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள்.

சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் வீடுகளில், துடைத்து வைத்த கத்தியிலும் ராத்திரியே துரு பூக்கும். அங்கே துடைத்தால் மட்டும் போதாது, எண்ணெய் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய்தான் சரி. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாளடைவில் பிசினாக இறுகும், தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது. மலைக் குளிரில் அது உறைந்திருக்கும். பரவாயில்லை, ஒரு பட்டாணி அளவு எடுத்துத் துணியில் தேய்த்தால் உருகும். அலகு பளபளக்க வேண்டாம், விரல் வழுக்கினால் போதும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இத்தனையும் முடியாது என்றால் மலையில் எவர்சில்வரே மேல்.

இடது கைக்காரருக்குத் தனிக் கத்தி வேண்டுமா?

கத்தியின் விளிம்பு எப்படிச் சாய்க்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முனை உங்களுக்கு எதிர்ப்பக்கமும் விளிம்பு கீழேயும் இருக்கும்படி பிடியுங்கள். இரண்டு பக்கமும் சமமாகச் சாய்ந்து நடுவில் சேர்ந்தால் அந்தக் கத்தி இரு கைக்கும் பொது. கடையில் உள்ள சாதாரண சமையல் கத்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இடது கைக்காரர் தயங்காமல் வாங்கலாம்.

சிக்கல் ஒருபக்கச் சாய்வில்தான். ஜப்பானிய மீன் கத்தி, காய்கறிக் கத்தி வகைகளில் சில, பல்லுள்ள ரொட்டிக் கத்திகளில் பெரும்பாலானவை வலப்பக்கம் மட்டும் சாய்த்து, இடப்பக்கம் தட்டையாக விட்டவை. வலது கைக்காரருக்குத் தட்டைப் பக்கம் காயை ஒட்டி இறங்கும், வில்லை சாய்வுப் பக்கமாக விலகி விழும். அதே கத்தியை இடது கையில் பிடித்தால் சாய்வு காயின் பக்கம் வந்துவிடுகிறது. அது அலகை வெளியே தள்ளும். நேராக வெட்டுவதாக நினைத்து வெட்டினாலும் வில்லையின் மேல்பக்கம் தடியாகவும் அடி மெலிந்தும் வரும். ரொட்டியை நேராக அறுக்கத் தெரியவில்லை என்று சின்ன வயதிலிருந்து திட்டு வாங்கும் இடது கைக்காரர்கள் பலருக்கும் காரணம் கை அல்ல, அலகு. இடப்பக்கச் சாய்வு வைத்தவை கேட்டு வாங்க வேண்டியவை. ஜப்பானியக் கத்திகளில் அதற்கு விலை கூடும், காத்திருக்கவும் வேண்டிவரும்.

கடையில் சாய்வைக் கண்டுபிடிக்க, குண்டு பல்பின் கீழே அலகை மெல்லத் திருப்புங்கள். விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு தெரியும். இரு பக்கமும் ஒரே அகலம் என்றால் சமச் சாய்வு.

கைப்பிடியையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புடைத்த கைப்பிடி வலது உள்ளங்கைக்காகச் செய்தது. இடது கையில் அந்தப் புடைப்பு விரல் மடிப்பில் குத்தும். முட்டை வடிவமோ எட்டுப்பட்டையோ இரு கைக்கும் ஒத்துவரும்.

குழந்தை இடது கையில் கத்தியைப் பிடித்தால் மாற்றிப் பிடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பழக்கமில்லாத கையில் இருக்கும் கத்தி விரலைத்தான் தேடிப் போகும்.

சமச் சாய்வுக் கத்திதான், ஆனாலும் இடது கையில் கோணலாகப் போகிறது. ஏன்?

வீட்டில் அதைத் தீட்டுகிறவர் வலது கைக்காரராக இருப்பார். கைப்பிடியை வலது கையில் பிடித்துத் தீட்டும்போது அலகின் வலப்பக்கம்தான் வாகாகக் கல்லில் உட்காரும், அழுத்தமும் அங்கே கூடும். இரண்டு மூன்று வருடத்தில் வலப்பக்கச் சாய்வு அகன்று, இடப்பக்கம் சுருங்கிவிடும். மார்க்கர் பேனாவால் இரு பக்கச் சாய்விலும் மை பூசி, வெளிச்சத்தில் அகலத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

சரிசெய்ய, அடுத்த சில முறை தீட்டும்போது இடப்பக்கம் மூன்று இழுப்புக்கு வலப்பக்கம் ஒன்று என்ற கணக்கில் தீட்டுங்கள். இடது கைக்காரர் மட்டுமே பயன்படுத்தும் கத்தி என்றால் சமமானதோடு நிறுத்தாமல் இடப்பக்கம் கொஞ்சம் அகலமாகவே விடலாம். இருவரும் பயன்படுத்தும் வீட்டில் சமத்தோடு நிறுத்துங்கள்.

அரிவாள்மனையில் இடது கைக்காரருக்குச் சிரமம் உண்டா?

கத்தியைவிடக் குறைவு. அங்கே அலகு நிற்கிறது, காய்தான் நகர்கிறது. இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கின்றன. பலகையை அழுத்தும் காலை மாற்றி உட்கார்ந்தால் போதும். அலகு பலகையில் ஆடுகிறதா என்று மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள். ஆடினால் ஆணியை இறுக்காமல் உட்காராதீர்கள்.

அரிவாள்மனையைத் தீட்டும்போது தட்டைக் கல் உட்குழிந்த வளைவில் எட்டாது. ஒரு விளக்குமாற்றுக் கட்டைத் துண்டில் 400 எண் நீர்த்தாளை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் ஏற ஏற பரல் நைஸாகும்) சுற்றி, அலகின் அடியிலிருந்து மேல்நோக்கி இழுங்கள். முடித்ததும் மறுபக்கம் லேசாக இரண்டு இழுப்பு. தேங்காய்த் துருவியின் பற்களைத் தாளால் தொட வேண்டாம். அவற்றுக்கு முக்கோண அரம்.

தோல் சீவி, கத்தரிக்கோல்?

அலகு குறுக்காக இருக்கும் 'ஒய்' வடிவச் சீவி இரு கைக்கும் சரி. நேர் அலகுச் சீவியில் இரண்டு விளிம்பும் தீட்டியிருக்கிறதா பாருங்கள். ஒரு விளிம்பு மட்டும் என்றால் அது வலது கைக்கானது. தட்டுவடை செட்டுக்குக் கேரட், பீட்ரூட் துருவும் துருவிக்குக் கை பேதமில்லை. கத்தரிக்கோல் மட்டும் இடது கைக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் விரல் அழுத்தம் இரண்டு அலகையும் பிரிக்கும்; பால் பாக்கெட் வெட்டுப்படாமல் மடங்கும்.

எந்தச் சாணைக்கல் வாங்குவது?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1000 எண் நீர்க்கல், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல். விளிம்பில் பல் விழுந்த கத்திக்கு 300-400 எண் தேவைப்படும். 3000-க்கு மேல் மெருகுக்கு. தக்காளியும் மீனும் நறுக்குகிறவர்களுக்கு அது சுகம், மற்றவர்களுக்கு அவசியமில்லை. கல் கத்தி அலகின் நீளத்துக்காவது இருக்கட்டும்.

இரும்புக் கடையில் கிடைக்கும் இருபுறக் கார்போரண்டம் கல்லும் வேலை செய்யும், விலையும் குறைவு. கரடுப் பக்கத்தை அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் வைத்துக்கொண்டு, சமையல் கத்திக்கு நைஸ் பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள். அதில் எண்ணெய் விட்டால் கடைசி வரை எண்ணெய்தான், தண்ணீர் விட்டால் தண்ணீர்தான். மாற்றினால் கல் அடைத்துக்கொண்டு வழுக்கும்.

அம்மியிலும் வாசற்படியிலும் தேய்ப்பது அவசரத்துக்குக்கூட வேண்டாம், பரல்கள் விளிம்பைக் கீறும். அவசரம் என்றால் பீங்கான் குவளையைக் கவிழ்த்து, அடியிலுள்ள மெருகேறாத வளையத்தில் பக்கத்துக்கு ஐந்தாறு முறை இழுங்கள்.

கல்லில் தீட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

நீர்க்கல்லை 10-15 நிமிடம், குமிழி நிற்கும் வரை ஊறவையுங்கள். ஊறவைக்க வேண்டாம் என்று அட்டையில் எழுதியிருந்தால் மேலே தண்ணீர் தெளித்தால் போதும். ஈரத்துணியை விரித்து அதன் மேல் கல்லை வையுங்கள், அசையக் கூடாது.

அடுத்தது கோணம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். பக்கத்துக்கு 20 டிகிரி நம் கத்திகளுக்குப் பொருந்தும். கடினமான ஜப்பானியக் கத்திக்கு 15. அலகின் அகலம் 45 மி.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து 15 மி.மீ. உயர்ந்திருக்கும்போது 20 டிகிரி, 12 மி.மீ. என்றால் 15 டிகிரி. அளவுகோல் இல்லையா? காகிதத்தின் மூலையை ஒருமுறை பாதியாக மடித்தால் 45 டிகிரி, இன்னொரு முறை மடித்தால் 22.5. அந்த மடிப்பைக் கல்லின் மேல் நிறுத்தி, அதைவிடச் சற்றே தாழ்வாக அலகைச் சாயுங்கள். சாய்வில் மார்க்கர் மை பூசி நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை மேல்பக்கம் மட்டும் போனால் கோணம் தாழ்வு, விளிம்பில் மட்டும் போனால் கோணம் உயர்வு.

பழக்கமான கையில் கைப்பிடி, மறுகையின் இரண்டு விரல் நுனிகள் அலகின் மேல், கல்லைத் தொடும் விளிம்புக்கு அருகில். கத்தி கல்லுக்குக் குறுக்கே சுமார் 45 டிகிரியில் இருக்கட்டும். முதுகு முன்னே போகும் திசையில் மட்டும் அழுத்தம், திரும்பும்போது சும்மா வர வேண்டும். அழுத்தம் ஆரம்பத்தில் ஒரு கிலோ அளவு; எவ்வளவு என்று தெரியாவிட்டால் சமையல் தராசை விரலால் அழுத்திப் பாருங்கள். அடியிலிருந்து நுனி வரை மூன்று நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். நுனி வளைவில் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்குங்கள், இல்லாவிட்டால் நுனி மட்டும் மழுங்கலாகவே நிற்கும்.

கல்லில் எழும் சாந்தைக் கழுவாதீர்கள், வெட்டுவது அதுவும்தான். காய்ந்தால் மட்டும் தண்ணீர் சொட்டுங்கள்.

எப்போது பக்கம் மாற்றுவது? இழுப்புகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், பிசிர் சொல்லும். தீட்டத் தீட்ட விளிம்பில் மறுபக்கமாக மடிந்து நிற்கும் மெல்லிய இரும்புதான் பிசிர். தீட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், முதுகிலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலை மெல்ல இறக்கினால் நுனியில் நகம் மாட்டுவது போல் ஒரு சொரசொரப்பு தட்டும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது. அடி முதல் நுனி வரை எங்கும் அது தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. ஒரு அங்குலம் தட்டவில்லை என்றால் அந்த அங்குலத்தை மட்டும் மறுபடி தீட்டுங்கள். பிறகு மறுபக்கம், அதே சோதனை.

கடைசியில் பிசிரை எடுக்க வேண்டும். அழுத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாறி மாறி எட்டுப் பத்து முறை. பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்திலோ, கல்லின் மேல் விரித்த செய்தித்தாளிலோ முதுகு முன்னே போகும்படி பத்து முறை இழுங்கள். சோதிக்க, செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல் ஓடினால் சரி, மாட்டும் இடத்தில் இன்னும் பிசிர் இருக்கிறது.

இவ்வளவும் செய்தேன், இரண்டு நாளில் மழுங்கிவிட்டது.

பெரும்பாலும் பிசிரை எடுக்காமல் விட்டிருப்பீர்கள். பிசிரும் காகிதத்தை வெட்டும். நாலு வெங்காயத்தில் மடங்கிப் படுத்துவிடும். இன்னொரு காரணம் கல்லின் நடுவில் விழுந்த குழி. குழிந்த கல்லில் கோணம் ஒவ்வொரு இழுப்பிலும் மாறும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, சமதளமான கிரானைட் துண்டில் 120 எண் நீர்த்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, கோடெல்லாம் மறையும் வரை தேயுங்கள்.

கல்லில் தவறில்லை என்றால் வெட்டும் தளத்தைப் பாருங்கள். கடப்பா மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ கண்ணாடிப் பலகையிலோ நறுக்கினால் எந்தக் கத்தியும் நிற்காது. மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ போதும். நறுக்கியதை விளிம்பால் வழித்துத் தள்ளாமல் முதுகால் தள்ளுங்கள்.

சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அரிவாள், கொடுவாள், அரிவாள்மனைக்குத் தாராளமாக. சமையல் கத்தியைக் கொடுத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். உலர்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய விளிம்பு நொடியில் கொதிக்கும். கார்பன் எஃகை 200 டிகிரி அளவில்தான் பதப்படுத்தியிருப்பார்கள். விளிம்பு நீலம் பாரித்தால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடம் மென்மையாகிவிடும். நீலம் போன ஆழம் வரை தேய்த்து எடுக்காமல் கூர் நிற்காது. 'லேசா விடுங்கண்ணா, நடுநடுவுல தண்ணியில முக்குங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்கு வந்ததும் 1000 எண் கல்லில் பிசிரை எடுங்கள்.

இழுக்கும் ஷார்ப்னர், எஃகுக் கோல்?

'வி' வடிவப் பள்ளத்தில் இழுக்கும் ஷார்ப்னர் விளிம்பைச் சீவி எடுக்கிறது. உடனே கூர் தெரியும், கத்தியின் ஆயுள் குறையும். கோணம் அதன் இஷ்டம். ஒருபக்கச் சாய்வுள்ள கத்தியையும், இடது கைக்கென்று தீட்டி வைத்ததையும் அதில் இழுக்கவே கூடாது.

எஃகுக் கோல் தீட்டாது, மடிந்த விளிம்பை நிமிர்த்தும். பக்கத்துக்கு நாலைந்து முறை மெல்லத் தொட்டு இழுங்கள், கறிக்கடையில் பார்ப்பது போல ஓங்கி அடிக்க வேண்டாம். கடினமான ஜப்பானியக் கத்திக்கு வரியோடிய எஃகுக் கோல் ஆகாது, பீங்கான் கோல்தான். தினமும் சமைக்கும் வீட்டில் வாரம் ஒருமுறை கோல், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல். வெங்காயம் வழக்கத்தைவிட அதிகமாகக் கண்ணைக் கரித்தால் கத்தி மழுங்கிவிட்டது, அறுக்காமல் நசுக்கிக்கொண்டிருக்கிறது.

பலாப்பழம், தேங்காய், பரங்கிக்காய்?

பலாவுக்குக் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு தொடங்குங்கள். ஒட்டிய பாலைத் தண்ணீரால் கழுவ முடியாது, எண்ணெய்த் துணியால் வழித்துவிட்டு அப்புறம் சோப்பு. தேங்காய் உடைக்கக் கொடுவாளின் முதுகு. ஊறுகாய்க்கு ஓட்டோடு மாங்காய் வெட்டுவதற்கு மெல்லிய கத்தியை எடுக்க வேண்டாம். பரங்கியில் அலகு மாட்டிக்கொண்டால் திருகாதீர்கள், விளிம்பு பெயர்ந்துவிடும். பரங்கியோடு தூக்கிப் பலகையில் மெல்லத் தட்டுங்கள்.

கத்தி கீழே விழுந்து நுனி உடைந்துவிட்டது. தூக்கிப் போடுவதா?

வேண்டாம். விளிம்புப் பக்கத்திலிருந்து தேய்த்துப் புது நுனி கொண்டுவரப் பார்த்தால் வளைவே மாறிவிடும், பலகையில் நுனி தொடாது. முதுகுப் பக்கத்திலிருந்து தேய்க்க வேண்டும். புது நுனி எங்கே வர வேண்டும் என்று மார்க்கரால் முதுகிலிருந்து விளிம்பு வரை ஒரு சாய்கோடு போடுங்கள். அந்தக் கோடு வரை கரடுக் கல்லில் முதுகைக் குத்தாக வைத்துத் தேயுங்கள், சூடு ஏறாமல் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். 3 மி.மீ. உடைந்திருந்தால் அரைமணி வேலை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போயிருந்தால் சாணைக்காரரிடம் அதே கோட்டைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள். நுனி வந்தபின் அங்கே மட்டும் அலகு தடித்திருக்கும். கடைசி இரண்டு சென்டிமீட்டரின் பக்கங்களை 400 எண்ணில் கொஞ்சம் மெலித்து, பிறகு வழக்கம்போல 1000-ல் தீட்டுங்கள்.